சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

நான் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தபோது அது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப்பள்ளி. எட்டு முடித்த பையன்கள் சைக்கிள் மிதித்து பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்ப் படித்தார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் நின்றுவிட்டார்கள். பத்து வரை வேண்டுமென்று ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்தார்கள். உயர்நிலைப்பள்ளி ஆக்கும் உத்தரவு வந்த சமயத்தில்தான் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையும் ஆறு வழிச்சாலையாக அகலமானது. ஊர் ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்று ஆகிப்போனது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கப் பிள்ளைகள் வேண்டும். வீடு வீடாகப் போனேன். கணக்கில் என்னையே திருத்தக்கூடிய ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்தாள். கணவன் இல்லை.

"ரோட்டப் பாத்தீங்களா டீச்சர்? கன்டெய்னர் வண்டி நிக்காம போய்கினே கீது. எனுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. எட்டு போதும்."

"நான் இருக்கேன்மா. காலையிலயும் சாயங்காலமும் நானே நின்னு ரோடு தாண்ட வைக்கிறேன்" என்றேன்.

சொன்னபடி ஒரு வருடத்துக்கு மேல் நின்றேன். மழையிலும் நின்றேன். கையை நீட்டியபடி நடுச்சாலையில் நிற்கும் என்னை லாரிக்காரர்கள் திட்டாத நாளில்லை.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தர ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் இடம் பார்க்க வந்தார்கள். தலைமை ஆசிரியர் என்னையும் கூட இருக்கச் சொன்னார். வகுப்பறை எங்கே, ஆய்வகம் எங்கே என்று வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி மணி அடித்தது எனக்குக் கேட்டது. இரண்டு நிமிடத்தில் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

எனக்காக அவள் கொஞ்ச நேரம் சாலையோரத்தில் காத்திருந்துவிட்டு, தானே தாண்டப் போனாளாம். கூட நின்ற பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கேன்டீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த அந்த அம்மா என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லல டீச்சர். நீங்க இன்னா பண்ணுவீங்க? ஆனா இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க."

அந்த மாதமே சில பெற்றோர் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். எல்லாம் பெண் பிள்ளைகளுடையது. பொதுத்தேர்வுக்கு முன் அவள் பெயரிலும் நுழைவுச்சீட்டு வந்தது. அதைத் திருப்பி அனுப்பும் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

கட்டடம் எழும்பியது. மூன்று மாடி. நடைமேம்பாலம் வெகுநாள் கழித்து வந்தது. பள்ளி மேல்நிலைப்பள்ளியும் ஆனது. இப்போது தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். நான் உதவித் தலைமை ஆசிரியை. ஜூன் மாதம் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகிறேன். யாரிடமும் எந்த உறுதியும் கொடுப்பதில்லை. அந்தத் தெருவுக்கு மட்டும் வேறு ஆசிரியரை அனுப்புகிறேன்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது அந்த அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. நகர்ந்து இடம் விட்டாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டே போனோம். கம்பெனி வாசல் வந்ததும் இறங்கிப் போனாள்.