படிக்கட்டு ஜெயசீலனுக்கு, குளியலறை எனக்கு

லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் நண்பர் பத்மன் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "ஜெயசீலன் போயிட்டார். மாரடைப்பு. உமக்குத்தான் முதல் சொல்லுறன்," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டாரே என்ற எரிச்சல்தான் வந்தது. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அவரைப் பற்றி எனக்கு வேறு விதமாக எழுத வராது.

கொழும்பில் கட்டடக்கலை படித்தபோது அவர் எனக்கு ஒரு வகுப்பு மேலே. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இருவரும் லண்டனில் ஒரே அலுவலகத்தில் வந்து சேர்ந்தோம். ரயில் நிலையத்தோடு ஒட்டி நின்ற, பூட்டிக் கிடந்த பழைய ஹோட்டல் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை அங்கே வந்தது. விக்டோரியா ராணி காலத்தில் ஒரு ரயில் கம்பனி மற்றக் கம்பனிகளின் கண்ணைக் குத்தவென்றே கட்டியது அது. செங்கல் கோபுரம், கூர் வளைவு ஜன்னல்கள், நடுவே அகன்று இரண்டாகப் பிரிந்து ஏறும் மாடிப்படி. அறைக்கு அறை கணப்பு உண்டு, குளியலறை கிடையாது. தீப்பிடிக்காதபடி தரையைத் தடிப்பாகப் போட்டிருந்ததால் பிறகு குழாய் பதிக்கவும் முடியாமல் போய், விருந்தாளிகளை இழந்து பூட்டப்பட்டது. "பிரபுமார் வாளித் தண்ணியிலை குளிச்சிருக்கினம். எங்கடை கிணத்தடி இதைவிடத் திறம்," என்பார் ஜெயசீலன். அலுவலகமே சிரிக்கும். அதே பகிடியை நான் விட்டால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த மாடிப்படியைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையில் பேசப்படாத போட்டி. ஒருநாள் அளந்துகொண்டிருந்தோம். அறைகளின் அளவுகளைக் கூட்டினால் வெளி நடைகூடத்தின் நீளம் வரவில்லை. டேப் தொய்ந்திருக்கும், வித்தியாசத்தை எல்லாச் சுவர்களுக்கும் பிரித்துப் போட்டுவிடலாம் என்றேன். எல்லோரும் செய்வதுதான். "பங்கு போடாதையும். உள்ளுக்குள்ளை ஏதோ இருக்கு," என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் அடியிலிருந்து உச்சிவரை ஒரு பொந்து, கணப்புகளுக்குக் கரி ஏற்றிய லிப்ட் முன்பு அதற்குள் ஓடியது. மாடிப்படி அவருக்குப் போயிற்று. எனக்குக் குளியலறைகள்.

ஹோட்டல் திறப்பதற்கு முன் ஒரு ஞாயிறு, ஜெயசீலன் கிங்ஸ்பரியிலிருந்து நம்மவர்கள் சிலரை அழைத்துப் போய்க் காட்டினார். மண்ணிறப் பெயின்ற் சுரண்டப்பட்டு, பழைய சிவப்பும் பொன்னும் திரும்பியிருந்த படியில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒரு பிழையாவது அகப்படாதா என்று. அகப்படவில்லை. பிறகு அவர்களை மேலே குளியலறைகளுக்குக் கொண்டுபோய், "இது இவரின்ரை வேலை. குழாய் போட ஏலாதெண்டு எல்லாரும் கைவிட்ட இடம். அந்தக் கரிப் பொந்துக்குள்ளாலை ஏத்திப்போட்டார்," என்று என் தோளில் கை வைத்தார். மற்றவரைப் புகழவும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று வீட்டில் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செத்தவீட்டில் அவர் மனைவி, "நீங்கள் அவரோடை நல்ல வாரப்பாடு, சரியான ஒட்டு, என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இந்தத் திங்கட்கிழமை அலுவலகம் அவருடைய மேசையை எனக்குத் தந்தது. எத்தனை காலம் ஆசைப்பட்ட இடம். உட்கார்ந்ததும், இனி நான் கீறும் வரைபடத்தை யாருக்குக் காட்டி யாரைத் தோற்கடிப்பது என்று கை ஓடவில்லை. நண்பர்களே, நீங்கள் அவரிடம் அன்பு வைத்திருந்தீர்கள். நான் அவர் இழுத்த ஒவ்வொரு கோட்டையும் பொறாமையோடு பார்த்தவன், அதனால் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது உங்களைவிட எனக்குத் தெரியும். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொறாமைதான். அதில் ஒரு துளியும் குறைய விடமாட்டேன்.