தேயிலைச் சரிவில் ஒரு சிவப்புக் கோடு

பிறர் பொருளைக் கெடுத்த குழந்தையிடமே அந்தப் பொருளைக் கொடுத்துவிட்டால், அவள் எதைக் கற்றுக்கொள்வாள்? கேமரன் மலையிலிருந்து திரும்பி இரண்டு வாரமாகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஈப்போவிலிருந்து கிளம்பினோம். கணவருக்கு வேலை, நானும் நான்கு வயது மகள் நிலாவும் மட்டும். மலைப்பாதையில் தனியாகக் காரோட்டுவது சரியா என்று, ஏற்றம் தொடங்கும் சிம்பாங் பூலாய் வரை யோசித்துக்கொண்டே போனேன். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். கியா பார்ம் சந்தையில் நான்கு வெள்ளிக்கு அவித்த சோளம் வாங்கித் தின்றோம்.

ஒன்பதரைக்குத் தேயிலைத் தோட்டம். சரிவின் உச்சியில், கீழே பார்த்தபடி மடக்கு நாற்காலியில் ஓர் அயர்லாந்துப் பெண்மணி வரைந்துகொண்டிருந்தார். பெயர் மொய்ரா. ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை பேருந்திலேயே உட்கார்ந்து எதிர்க் குன்றை வரைவாராம். ஒரு படத்தையும் விற்றதில்லை.

“எங்கள் ஊர்ப் பச்சை தலைவிரித்துக் கிடக்கும். இதை யாரோ வாரிவிட்டிருக்கிறார்கள்,” என்றார்.

பக்கத்தில் நின்ற தோட்டக் கங்காணி சுப்ரமணியம் அண்ணன் சிரித்தார். “இன்னிக்கு இங்கதான் கொழுந்து எடுக்கணும். எடுத்துட்டா கரும்பச்சை ஆயிடும். இந்தம்மா மூணு நாளா இளம்பச்சைய வரையறாங்க. காலையிலேர்ந்து என் ஆளுங்கள முறைக்கிறாங்க லா!”

மொய்ராவுக்கு மறுநாள் விமானம்.

நிலாவுக்கு அவர் ஒரு தூரிகையும் துண்டுக் காகிதமும் கொடுத்தார். குளிருமே என்று நான் சுவெட்டர் எடுக்கக் காருக்குப் போனேன். திரும்பினால், மொய்ராவின் படத்தில், சரிவின் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு.

“அட, பாப்பா செம்மண் ரோடு போட்டுட்டா லா!” என்றார் அண்ணன்.

மொய்ரா சிரிக்கவில்லை. “கெட்டுவிட்டது,” என்றார். நான் திட்ட, நிலா அழுதாள். மொய்ரா புதுக் காகிதத்தைப் பொருத்தினார். கொழுந்தைக் கீழிருந்து எடுக்க முடியுமா, ஒரு மணி நேரம் போதும் என்று அண்ணனிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

“கீழேர்ந்து ஏறுனா ஆளுங்க என்னைத்தான் ஏசுவாங்க,” என்றார் அண்ணன். பிறகு விசிலடித்து எல்லாரையும் கீழே அனுப்பினார்.

கரும்பச்சை வரிசை வரிசையாக மேலேறியது. அதற்கு முன்னால் மொய்ராவின் தூரிகை ஓடியது. பேருந்து கிளம்பும் நேரத்துக்குள் முடித்துப் பழகிய கை! ஆட்கள் எங்கள் காலடிக்கு வந்தபோது தூரிகையைக் கீழே வைத்தார்.

“பழையது இதைவிட நன்றாக இருந்தது. ஆனால் இது முடிந்த படம்,” என்றார். எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல வரும்?

கெட்டுப்போன படத்தைச் சுருட்டி நிலாவிடம் நீட்டினார். “இதை நீ ஆரம்பித்தாய். நீயே முடி.”

படம் இப்போது எங்கள் அலமாரிக்கு மேலே இருக்கிறது. நிலா தினமும் தூரிகை கேட்கிறாள். கொடுத்தால் செய்த தப்புக்குப் பரிசாகிவிடுமா? கொடுக்காவிட்டால் மொய்ராவின் சொல்லை நான் மீறியவளாவேனா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: தூரிகையைக் கொடுக்கட்டுமா?