சித்திரையில் பிடித்த விரதம்

பெருந்தொற்று மக்களின் வாழ்வையும் வருமானத்தையும் என்ன செய்தது என்று விசாரித்து எழுதும் வேலை எனக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், கீரிமலைக்கு அங்காலே ஒரு மீனவர் கிராமத்தில் வீடு வீடாகப் போய், "ஊரடங்கு நேரம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டனீங்களோ?" என்று முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை எழுதியவர் யாழ்ப்பாணத்தார் இல்லை என்று முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது.

முதல் வீடு, தனியாக இருந்து கருவாடு போட்டு விற்கும் ஓர் அக்காவினது. வாசலிலேயே தன் ஆசையைச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, எங்கடை துறைக்கு ஒரு குளிர் அறை வேணும். ஊரடங்கு நேரம் லொறி வராமல் மீனெல்லாம் நாறிப்போச்சு. கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ளை தாட்டனாங்கள்."

கூடுதலாகப் பாதிக்கப்பட்ட ஊருக்குக் குளிர் அறை கட்டிக்கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைப்பதுதான் எங்கள் ஆய்வின் நோக்கமும். எனக்குச் சந்தோஷம். பேனையைத் திறந்துகொண்டு, "அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள்?" என்றேன்.

அக்காவின் முகம் இறுகியது. "எங்களுக்கென்ன, ஒரு குறையுமில்லை. ஒரு நேரந்தான் சமைச்சனான். அது விரதமெண்டபடியால்."

பக்கத்து வீட்டிலும் விரதம். அதற்கடுத்த வீட்டிலும் விரதம். நான் உடுவிலில் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவள். ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள்; என் பெயரைக் கேட்டதுமே அக்காவும் அதைப் பிடித்துவிட்டார். சைவ விரதங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளிக்கிழமைகளில் தோழிகள் மீன் சாப்பிடமாட்டார்கள் என்பது மட்டும். நல்ல பக்தியுள்ள ஊர் என்று நினைத்து, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

என்னோடு வேலை செய்த பண்டத்தரிப்புக்காரி அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் கொட்டியது.

"விசரி! ஊரடங்கு நடந்த சித்திரையிலை ஊர் முழுக்க உப்பிடி என்ன விரதம்? அதுகள் பட்டினி கிடந்திருக்குதுகள்."

பிறகு அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் எழுதியதன்படி அந்த ஊருக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஆகவே குளிர் அறையும் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். வேண்டும் என்றும் கேட்கிறார்கள், கேட்டால் ஒளிக்கவும் செய்கிறார்கள்! சில நாள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு என் அம்மாவை நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து இப்படிக் கேட்டிருந்தால், வெறும் பானையை மூடிவைத்துவிட்டு, இருந்த கடைசிச் சீனியில் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருப்பார். சொந்தக் கஷ்டத்துக்கு எங்கள் வாய் திறக்காது. அடுத்த வீட்டுக் கஷ்டமென்றால் தாராளமாகத் திறக்கும்.

அடுத்த முறை போனபோது அக்காவைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் எப்பிடிச் சமாளிச்சவை?" என்றேன்.

"ஐயோ, அதுகள் பாவங்கள். வள்ளம் கரையிலை, மனுசனுக்குத் தொழிலில்லை. பிள்ளையளின்ரை முகத்தைப் பாக்கேலாது. கேட்டால் விரதம் எண்டுங்கள். நான் வேலிப் பொட்டுக்குள்ளாலை கொஞ்சக் கருவாட்டை வைச்சிட்டுப் பேசாமல் வந்திடுவன்."

வேலியில் இருந்த அந்த இடைவெளி வழியாகவே நானும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினார்.

"அவ தனிச்ச மனுசி, தங்கச்சி. வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டா. நாங்கள் கூழ் காய்ச்சினால் ஒரு சட்டியை உந்தப் பொட்டடியிலை வைப்பம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் போடாமல் இதை எழுதலாமோ என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்கு நன்மை வருமென்றால் எழுதச் சொல்லி எல்லாருமே சம்மதித்தார்கள். பண்டத்தரிப்புக்காரியும் நானும் அறிக்கையைத் திரும்ப எழுதினோம்.

குளிர் அறை வந்துவிட்டது. இந்த ஆவணியில் அதைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்து காட்டிய அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இப்பிடி மெலிஞ்சு போனீர்?"

ஆய்வு முடிந்ததிலிருந்து எனக்கு வேலையில்லை. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அதை நான் சொல்லவில்லை.

"ஒண்டுமில்லை அக்கா, விரதம்." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"வேதக்காரருக்கு ஆவணியிலை என்ன விரதம்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் என் ஸ்கூட்டரடிக்கு வந்தபோது, அதன் கொழுக்கியில் ஒரு பை தொங்கியது. உள்ளே விளைமீன், ஐஸில் விறைத்தபடி. திருப்பிக் கொடுக்கலாம் என்று நிமிர்ந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு உரத்த குரலில் எதையோ கதைத்துக்கொண்டு நின்றார்.

நானும் ஒன்றும் சொல்லாமல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.