விளக்கைப் போடாத, டோரில்

ஊர் வம்பைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிச் சொல்கிறவள் நான். மறுக்கவில்லை. இதில் மட்டும் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை.

போன டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. வட நார்வேயில் அந்த மாதம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாது. பிற்பகல் இரண்டு மணிக்கே கும்மிருட்டு.

நாலே முக்காலுக்கு அடுத்த வீட்டு யூருன் போன் செய்தாள். துருவ ஒளியைப் படமெடுக்க ஏரிக்குப் போன அவள் தம்பி ஓஸ்முண்ட், நாலு மணிச் சாப்பாட்டுக்கு வரவில்லையாம். ஓடை வந்து விழும் மூலையில் உறைபனி இன்னும் இறுகவில்லை, அதுதான் பயமாம்.

"நீ போய்ப் பாரு டோரில். அடுத்தவங்க விஷயம்னா உனக்குக் குளிரே தெரியாதே."

போனேன். அவன் அங்கே யாரையோ சந்திக்கிறான் என்று ஒரு மாதமாக எனக்கும் சந்தேகம்.

5:12. வானமெல்லாம் பச்சை. ஏரியின் உறைபனி மேல் முக்காலியில் கேமரா, கரையைப் பார்த்தபடி. அதன் எதிரே, எனக்கு முதுகைக் காட்டி ஆள் நிற்கிறான். அப்பாடா.

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. யாராவது படமெடுத்துக்கொண்டிருந்தால் விளக்குப் போட மாட்டோம். ஒரு படத்துக்குக் கேமரா பதினைந்து நொடி கண் திறந்திருக்கும். கீற்று வெளிச்சம் பட்டாலும் பாழ். நானும் என் கைவிளக்கை அணைத்தேன்.

க்ளிக்... பதினைந்து நொடி... க்ளிக்.

எங்கேயோ டொக்... டொக்... உறையும் ஏரி இப்படித்தான் முனகும். நான் கண்டுகொள்ளவில்லை.

5:20. என் மூச்சு புகையாகப் போகிறது.

அவனிடம் புகையே இல்லை.

"ஓஸ்முண்ட், உங்கக்கா தேடுறா. மீன் ஆறுது."

அவன் திரும்பவில்லை.

டொக்... டொக்... ஓடைப் பக்கமிருந்து. இப்போது மெதுவாக.

விளக்கில் கை வைத்தேன்.

"விளக்கைப் போடாத, டோரில்."

ஓஸ்முண்டின் குரல்தான். ஆனால் ஆள் ஐம்பது அடி தள்ளி நிற்கிறான்...

குரல் என் காதோரம்.

போடவில்லை.

5:31. திரும்பி நடந்தேன். சரி, ஓடினேன்.

பயந்ததைச் சொன்னால் என் மானம் போகுமே. நன்றாகத்தான் இருக்கிறான், படமெடுக்கும் மும்முரம் என்று யூருனிடம் சொன்னேன். அவள் நிம்மதியாகச் சட்டியை மூடி வைத்தாள்.

எட்டு மணிக்கு ஊரே திரண்டு போனது. ஓடை மூலையில், உடைந்த பனிக்கடியில் கிடைத்தான். விளிம்பைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் கிழிந்திருந்தது. ஐந்தரைக்குப் பிறகும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

கேமரா தானாக எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. யூருன் எனக்குப் படங்களைக் காட்டினாள்.

மூச்சு விடும் எவரும் பதினைந்து நொடியில் கொஞ்சமாவது கலங்கித்தான் பதிவார்கள். கரையில் நான் ஒரு சாம்பல் தீற்றல். எனக்கு முன்னால் நிற்பது மட்டும் துளி கலங்கவில்லை. கண்ணிமை வரை தெளிவு.

அது ஓஸ்முண்டின் முகம் இல்லை.

சுற்று வட்டாரத்தில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது.

அது யாரென்று எனக்குத் தெரியவில்லை.