ரஜாயில் ஒரு சூட்டுத் தழும்பு

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, போலியோவில் சூம்பிய இடது கால், 'நொண்டிக்கு மெஷின் எதுக்கு' என்ற ஊர்வாய். மூன்றையும் ஜெயித்து தீவின் லம்பா லைன் பகுதியில், பழைய சேலைத் துண்டுகளை இணைத்து ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை தைக்கிறாள் பூங்கோதை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அவள் நம்புவதில்லை. துணியில் வைக்குமுன் தன் முந்தானையில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பழுப்புப் புள்ளி இல்லாத முந்தானையே அவளிடம் கிடையாது.

அன்று காலை தேய்த்தது அக்கா ஜெயமணி. வோல்டேஜ் குறைவு என்று பெட்டியின் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்திருந்தாள். திடீரென்று முழு கரண்ட் வந்துவிட்டது. ரஜாயின் நடுச் சதுரத்தில் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்தது. அந்தச் சதுரம், ரஜாயைத் தைக்கக் கொடுத்த நீலாவதி டீச்சருடைய இறந்துபோன அம்மாவின் வெள்ளைச் சேலை. வேறு துண்டு மிச்சமில்லை. டீச்சரோ ஓய்வு பெற்று, தீவை விட்டு மாலைக் கப்பலில் மெயின்லேண்ட் போகிறார்.

ஜெயமணி ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

"அரே, தேய்க்காதக்கா! நூலு பிஞ்சிடும்."

பூங்கோதை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தாள். இழை முறியவில்லை. மருந்துக்கடை பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு, முதலில் ஓரத்தில் சோதித்து, பிறகு கறையில் ஒற்றினாள். வெயிலில் காட்டினாள். மறுபடி ஒற்றினாள். நாலாவது தடவை தேநீர் நிறம் வெளிறி, சந்தன நிறத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் நகரவில்லை.

"மேல ஒரு பூவைத் தெச்சு மறைச்சிடலாம்டி." ஜெயமணி துண்டுத் துணிகளைக் கிளறினாள்.

"அவங்கம்மா சேலைய மறைக்க நாம யாருக்கா?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கி வந்த டீச்சர் ரஜாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தழும்பு அவர் கண்ணில் படவில்லை. ஜெயமணி மூச்சுவிட்டாள். பூங்கோதை டீச்சரின் விரலைப் பிடித்துத் தழும்பின்மேல் வைத்தாள்.

"இங்க சுட்டுப்போச்சு டீச்சர். என் ரஜாய், என் தப்பு."

"அவ இல்ல டீச்சர், நான்தான்..."

"நீ சும்மா இருக்கா."

டீச்சர் தழும்பை வருடினார். விரலை எடுக்கவில்லை.

"மேடம், ஜல்தி! ஹேடோ துறைமுகத்துல கேட்டைச் சாத்திடுவான்," என்றார் ஆட்டோக்காரர்.

"சுட்டது யாருன்னு மெட்ராஸ்ல என் தங்கச்சி கேப்பா," என்றார் டீச்சர் கடைசியில். "பேரைப் போட்டுக் குடு. அவ உன்னத் திட்டட்டும். இல்ல, எனக்கும் ஒண்ணு வேணும்னு கேக்கட்டும்."

இதுவரை எந்த ரஜாயிலும் பேர் போடாதவள் சிவப்பு நூலைக் கோத்தாள். தழும்பை ஒட்டி, எழுத்தெழுத்தாகத் தைத்தாள்: பூங்கோதை, 9-1-2024.