ஒவ்வொரு பெயராக அனுப்பிய பெஞ்சமின் சார்

மானாம்பதி பஸ் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். "ஏழுமல, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரு பூட்டாருபா. மஞ்சக்காமாலையாம். சாயங்காலம் எடுக்கறாங்க." நான் போக வேண்டிய ஊர் வேறு. அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. டெலிபோன் கம்பம் ஏறி லைன் பார்த்தவன். நான் சொல்லச் சொல்ல நம் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாதான் அடித்துத் தருகிறார்கள். பெஞ்சமின் சாரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் படிப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன். பேச்சு எங்கேயாவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

நம் ஆபீசில் இருந்தது டி.வி. மாதிரி ஒரு பெட்டி, டைப் அடிக்கிற பலகை, லைனில் மாட்டிய ஒரு மோடம். நிஜமான கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது. முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய் என்று சார் இங்கே வரிசையாக எழுதுவார். ஸ்கிரிப்ட் என்று பெயர். அதை அனுப்பினால் அங்கே இருக்கிற மிஷின் வரி வரியாகச் செய்துவிட்டுப் பதில் சொல்லும். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "அங்க மணி இன்னான்னு கேக்கறேன் பாரு" என்றார். பத்து இருபது என்று வந்தது. சுவர்க் கடிகாரத்திலும் பத்து இருபதுதான்.

"இதுக்கா சார் இத்தினி கம்பம் நட்டோம்? என்னக் கேட்டா சொல்லியிருப்பேனே."

"எதிர்ல நிக்கற உன் மாடு சொன்னா கேக்குதா? இது அம்பது மைலுக்கு அப்பால இருந்துகினு கேக்குது நைனா."

என் மாட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. வீட்டுக்கு ஓட்டினால் அது சாலவாக்கம் பக்கம் போகும். ஒரு தடவை ஒரு கல்யாணப் பந்தலுக்குள்ளேயே போய்விட்டது. அதை விடுங்கள்.

அந்த மழைக்காலத்து நாளைச் சொல்ல வேண்டும். வீட்டுமனை இல்லாத காலனிக்காரர்கள் பட்டியல், அறுபத்து மூன்று பெயர். சார் பிறந்த காலனியும் அதில் உண்டு. மாலை ஐந்து மணிக்குள் மெட்ராஸ் மிஷினில் ஏறாத பெயருக்கு மனை இல்லை. இன்னொரு விதியும் இருந்தது. ஒரே பெயர் இரண்டு முறை ஏறினால், இரண்டு மனை கேட்கிற ஆள் என்று மிஷின் அந்தப் பெயரையே அடித்துவிடும்.

மூன்று மணிக்கு சார் ஸ்கிரிப்டை அனுப்பினார். பதில் வரும் முன்னே லைன் செத்தது. ஆபீஸ் டெலிபோனும் அதே கம்பங்களில்தான் வந்தது. அதுவும் ஊமை.

"லைன் வந்ததும் மறுபடி அனுப்பிடுய்யா" என்றார் ஆபீசர்.

"வாணாம் சார். லைனு பூட்ச்சின்னா வேல நடக்கலன்னு அர்த்தம் இல்ல. செஞ்சி முடிச்சிட்டு சொல்ல முடியாம கூட இருக்கும். மறுபடி அனுப்பினா அத்தினி பேரும் அடிபட்டுடும்."

"அனுப்பாம வுட்டா?"

"அப்பவும் ஏறாத பேரு பூடலாம். மொதல்ல கேக்கணும் சார். கேக்கறதுக்கு லைனு ஓணும்." என் பக்கம் திரும்பினார். "ஓடு ஏழுமல."

ஏரிக்கரையில் பனைமரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. இழுத்துப் பிடித்தால் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டன. முறுக்க நீளம் இல்லை. வேறு கம்பி எடுத்துவரப் போனால் ஐந்து மணி தாண்டிவிடும். இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை கொட்டியது. விரல்களில் சுருக் சுருக்கென்றது.

ஆபீசில் நடந்ததை ஆபீசர் பிறகு சொன்னார், கடைசியில் எத்தனை ஏறியது என்பதைத் தவிர. லைன் வந்ததும் சார் ஒரு பெயரும் அனுப்பவில்லை. 'உன்னிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்டார். நாற்பத்தொன்று என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பியிருந்தால் அந்த நாற்பத்தொன்றும் அடிபட்டிருக்கும்.

மீதி இருபத்திரண்டு. ஆனால் லைன் விட்டு விட்டு வந்தது. ஒரு பெயர் அனுப்புவார், ஏறியதா என்று கேட்பார், அப்புறம்தான் அடுத்தது.

"மொத்தமாத் தள்ளுய்யா, மணி ஆவுது!"

"நடுவுல பூட்ச்சின்னா எங்க நின்னுதுன்னு தெரியாது சார். ஒவ்வொண்ணா போட்டும்."

வெளிச்சம் குறைகிற நேரத்தில் கரைமேல் ஓர் ஆள் வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடை இல்லாமல், பெஞ்சமின் சார்.

"வுடு ஏழுமல."

"எல்லாரும் ஏறிட்டாங்களா சார்?"

"உன் வேல முடிஞ்சிது. கைய வுடு."

"யாரையாச்சும் அனுப்பியிருக்கலாமே. நீங்க இன்னாத்துக்கு நனஞ்சிகினு?"

"வேல முடிஞ்சிதான்னு ஒரு பதிலும் தெரியாம நீ நின்னுகினு கீற. நான்தான் வரணும்." விறைத்துப்போன என் விரல்களை அவரே பிரித்துவிட்டார்.

அவரை அடக்கம் செய்த அன்று, அவருடைய அக்கா ரோசி அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள்:

"அன்னிக்கு அறுவது பேருதான் ஏறிச்சி. நான் அறுவத்தி ஒண்ணு. என் பேர மொதல்ல தள்ளக்கூடாதாடான்னு கேட்டேன். எனக்கு முன்னால பத்தொம்போது பேரு வரிசைல கீறாங்கன்னான். அடுத்த பட்டியல் வர ரெண்டு வருசம் ஆச்சி. அதுவரைக்கும் அவன் வூட்லயே ஒரே ரூம்ல ரெண்டு குடும்பமும் இருந்தோம்."

"லைனு ஏன் வுட்டு வுட்டு வந்துச்சின்னு சொன்னாராம்மா?"

"மழைன்னான்."

கம்பி ஆடியது என் கையில். கை நடுங்கும்போதெல்லாம் அங்கே லைன் விட்டுப்போயிருக்கும். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஏறாத மூன்று பெயரில் ஒன்று சொந்த அக்காவுடையது என்று தெரிந்தே கரைக்கு வந்து என் விரலைப் பிரித்துவிட்டிருக்கிறார். அதற்கப்புறம் நான்கு வருஷம் தினம் பார்த்தோம், டீ குடித்தோம். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேட்டுவிட்டு அனுப்பு என்று அவர் செய்து காட்டியது உங்கள் எல்லாரிடமும் இருக்கும். என்னிடம் இருப்பது, அக்காவிடம் அவர் சொன்ன அந்த ஒரு சொல்தான். மழை.