விளக்கு எரியும்போது திறக்கக் கூடாது

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இது காதில் விழுந்த கதை இல்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அந்த நேரத்தில் அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே, நான் இருந்தேன். நடுராத்திரியும் இல்லை, மத்தியானம் மூன்று மணி. பேய்க்கு வெயில் ஆகாது என்று யார் சொன்னார்களோ, அவர்களை எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு அங்கே விளக்கு வேலை. நோயாளி போனதும் அறையைக் கழுவித் துடைப்பார்கள். அதற்குப் பிறகு அத்தான் புறஊதா விளக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போவார். ஆள் உயரக் கம்பம், சுற்றிலும் நீளக் குழல்கள், அடியில் சக்கரம். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று ரிமோட்டை அமுக்கினால், இருபது நிமிடத்தில் கிருமியெல்லாம் காலி. நர்சுகள் அவரை 'லைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். "எல்லாரும் லைட்டப் போட்டுட்டு உள்ள உக்காருவாங்க. நான் ஒருத்தன்தான் லைட்டப் போட்டுட்டு வெளிய ஓடுறவன்" என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார்.

ஓடத்தான் வேண்டும். அந்த வெளிச்சம் நேராகப் பட்டால் கண் வெந்துபோகும், தோல் உரியும். அதனால் கம்பத்தின் உச்சியில் ஒரு கருப்புக் கண் வைத்திருப்பார்கள். அறைக்குள் யாராவது அசைந்தால் அது உடனே விளக்கை அணைத்துவிடும்.

அத்தானுக்கு ஒரே மகள், எட்டு வயது. வாய் ஓயாது, கால் ஓயாது, அதனால் வீட்டில் அவள் பெயர் வாண்டு. அவளுக்கு ரத்தத்தில் நோய். மருந்து அந்த நோயை அடித்த அடியில் உடம்பிலிருந்த எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து போய்விட்டது. அன்று காலையிலிருந்து காய்ச்சல். பொது வார்டில் இந்தப் பக்கம் ஒருவர் இருமுகிறார், அந்தப் பக்கம் ஒருவர் தும்முகிறார். நடுவில் எங்கள் குழந்தை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "தனி ரூமுக்கு மாத்தியே ஆகணும். இங்கயே இருந்தா ராத்திரி தாண்டாது. நாலாவது மாடியில கடைசி ரூம் காலியாயிருக்கு. விளக்கு போட்டு முடிச்சதும் ஏத்திடலாம்" என்றார்.

அன்றைக்கு விளக்கு வேலைக்கு இருந்தது அத்தான் ஒருவர்தான். மகளின் நெற்றியைக்கூடத் தொடாமல் மாடிக்கு ஓடினார்.

கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டார். அலமாரி, மேசை டிராயர் எல்லாவற்றையும் திறந்துவைத்தார். நிழல் விழுந்த இடத்தில் கிருமி சாகாது. தலையணை மேல் ஒன்று, மேசை மேல் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று மஞ்சள் அட்டை வைத்தார். வெளிச்சம் நன்றாகப் பட்டால் அந்த அட்டை ரோஜா நிறமாக மாறும். மூன்றேகாலுக்கு ரிமோட்டை அமுக்கினார்.

ம்ம்ம்ம்... என்று குழல்கள் முனகின. கதவுக் கண்ணாடியில் வெளிர்நீல வெளிச்சம். இரண்டு நிமிடம் எரிந்திருக்கும்.

டக்.

அணைந்துவிட்டது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு. உள்ளே யாரோ அசைகிறார்கள் என்று அர்த்தம்.

அத்தான் உள்ளே போய்ப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறைக்குள்... ஈ எறும்புகூட இல்லை. காற்றில் ஆடியிருக்கும் என்று திரைச்சீலையைக் கழற்றினார். மறுபடி விளக்கைப் போட்டார்.

டக்.

மின்விசிறியின் இறக்கைகளைக் கயிற்றால் கட்டினார். மறுபடி.

டக்.

இப்போது போன் அடித்தது. டாக்டரம்மா. "இன்னும் எவ்வளவு நேரம்? காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது."

"இருபதே நிமிஷம்மா" என்றார் அத்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லையாம்.

பிறகு, அந்த வேலையில் இருக்கிற எவனும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். பிளாஸ்திரியைக் கிழித்துக் கருப்புக் கண்ணின் மேல் ஒட்டினார். வேலை போனாலும் சரி, ஜெயிலுக்குப் போனாலும் சரி, மகள் பிழைத்தால் போதும் என்று நினைத்தாராம். கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினார். இந்த முறை விளக்கு நிற்கவில்லை.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.

பிறகு சத்தம் கேட்டது.

தட்... தட்... தட்...

கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக. கீழே, அத்தானின் இடுப்பு உயரத்தில்.

"அப்பா..."

அத்தான் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"அப்பா, கண்ணு எரியுதுப்பா..."

அவர் எனக்குப் போன் செய்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"வாண்டு எங்கடா?"

"இங்கதான் அத்தான். தூங்குறா."

"நல்லாப் பாரு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவ கை என் கையிலதான் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கை கொதித்தது.

தட் தட் தட் தட்...

"திறப்பா... அப்பா..."

நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து இருபது நிமிடம். கீழே அவளுக்கு அத்தனை நேரம் இல்லை. அத்தான் நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றார். அழுதார். "நீ என் பொண்ணு இல்ல... அவ கீழ இருக்கா... உன் கால்ல விழறேன், விட்டுடு..."

கண்ணாடியின் கீழ் விளிம்பில் நான்கு விரல் நுனிகள் தெரிந்தன.

சின்ன விரல்கள்.

எக்கி எக்கிப் பிடித்தன.

வழுக்கின.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா..."

...

அப்புறம் சத்தமே இல்லை.

இருபது நிமிடம் முடிந்து கதவைத் திறந்தார். அறை காலி. முடி கருகின மாதிரி ஒரு வாடை. மேசை மேல் அட்டை ரோஜா நிறம், ஜன்னலோர அட்டையும் ரோஜா நிறம். தலையணை மேல் இருந்தது மட்டும் பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. அதன் மேல் வெளிச்சமே படவில்லை. யாரோ தலை வைத்துப் படுத்திருந்தால்தான் அப்படி இருக்கும். அத்தான் அட்டையைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதுத் தலையணை வாங்கி வைத்து, "ரூம் தயார்" என்று போனில் சொன்னார்.

நான்கு மணிக்குக் குழந்தையை ஏற்றினோம். ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அக்கா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை வாண்டு வீல் என்று கத்திக்கொண்டு எழுந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கி, தாரை தாரையாகத் தண்ணீர். மூக்கிலும் நெற்றியிலும் தோல் உரிந்திருந்தது. கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் கோபமாகத் திரும்பினார். "விளக்கு எரியும்போது குழந்தைய யாரு உள்ள விட்டது?"

அந்த மத்தியானம் முழுக்க அவளோடு இருந்தவர்கள் நானும் அக்காவும். நான்கு மணிக்கு நாங்கள் ஏற்றும்வரை இரண்டாவது மாடியை விட்டு அவள் நகரவே இல்லை.

கண் சரியாகப் பத்து நாள் ஆயிற்று. ஒருநாள் அவளுக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளாகவே சொன்னாள்.

"அப்பா கதவத் திறக்கவே இல்ல மாமா."

"எந்தக் கதவும்மா?"

"நான் அழுதேன்ல. அப்புறம் கட்டில்ல படுத்திருந்தவங்க எழுந்து வந்து, தூக்கிட்டுப் போய்ப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டாங்க. என் கண்ண மூடிவிட்டாங்க. இனிமே நான்தான் உன் அம்மான்னாங்க."

அன்று சாயங்காலமே நாலாவது மாடி நர்சிடம் போய்க் கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். எங்கள் குழந்தைக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் ஒரு பெண். அன்று விடியற்காலை இறந்துபோனாராம். "கடைசி வரைக்கும், என் பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாங்க. யாரும் வரல" என்றார்.

அத்தான் அந்த வேலையை விட்டுவிட்டார். வாண்டு பிழைத்துவிட்டாள். ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஓடுகிறாள், விளையாடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள்.

தூக்கத்தில் மட்டும் "அம்மா" என்று கூப்பிடுவாள். அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். வாண்டு கண்ணைத் திறந்து அவளை ஒரு தடவை பார்ப்பாள்.

"நீ இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.